சிக்கு வாடை செல்லுக்குள் வரும்போது

தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பா ஒன்று, டெல்லி மயூர் விஹாரில் ஒரு சமையலறை அலமாரியில் டிசம்பர் வரை மறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கில் பூசணம் இல்லை. நமுத்தும் போகவில்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை மூக்கில் ஏறுகிறது, வாயில் போட்டால் தொண்டையில் காறுகிறது. இதை எந்தக் கிருமியும் செய்யவில்லை. ஆக்சிஜன் மட்டுமே செய்தது.

சூரியகாந்தி எண்ணெயின் கொழுப்பில் பெரும்பங்கு லினோலிக் அமிலம். அதன் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குவது சுலபம். வெயிலோ, சூடோ, துளி இரும்போ அந்த ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால், ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கும் அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு லினோலிக் அமிலத்திடம் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அது அடுத்ததிடம் பறிக்கிறது. கடைசியில் இந்தச் சங்கிலிகள் உடைந்து ஹெக்ஸனால் போன்ற சிறு ஆல்டிஹைடுகளாகச் சிதறுகின்றன. நாம் சிக்கு வாடை என்று சொல்வது பெரும்பாலும் அவற்றின் வாடைதான். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பு இல்லாத நிறைவுற்ற கொழுப்பு, பறிப்பதற்கு அங்கே ஹைட்ரஜன் எளிதில் கிடைக்காது. நல்லெண்ணெயில் லினோலிக் அமிலம் நிறையவே உண்டு, ஆனால் எள்ளில் இருக்கும் செசமால் போன்ற பொருள்கள் சங்கிலியை நடுவில் அறுத்துவிடுகின்றன. அந்த இரண்டு எண்ணெயிலும் செய்த பட்சணம் நாள்பட நிற்பதற்குக் காரணம் இதுவே.

இதே லினோலிக் அமிலம்தான் உங்கள் இதயத் தசையின் மைட்டோகாண்ட்ரியாவிலும், அதாவது செல்லுக்குள் சாப்பாட்டை எரித்துச் சக்தி தரும் சிறு உறுப்பிலும், இருக்கிறது. அதன் உட்சவ்வில் கார்டியோலிப்பின் என்றொரு கொழுப்பு உண்டு. மற்றக் கொழுப்புகளுக்கு இரண்டு வால் என்றால் இதற்கு நான்கு. இதயத்தில் பெரும்பாலும் அந்த நான்கும் லினோலிக் அமிலமாகவே இருக்கும். எளிதில் சிக்குப் பிடிக்கும் சரக்கை, உடம்பிலேயே அதிகம் ஆக்சிஜன் புழங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறது இயற்கை. அது ஏன் அன்றாடம் கெட்டுப்போவதில்லை, எப்போது கெடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஆக்சிஜன் செய்யும் இந்தச் சேதத்துக்கு வைத்த 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்ற பெயரில் மருந்துக்கடை அலமாரியிலும் யூடியூபிலும் விற்கப்படுவதில் பாதியை ஒதுக்கிவிடலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் வயதுவந்த ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறார். அதில் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எலக்ட்ரானைக் கைமாற்றும் புரதக் கூட்டமைப்புகளில் கடைசியான நான்காவதில், ஒரு மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான் என்ற கணக்கில், தண்ணீராக மாறுகிறது. அந்த எலக்ட்ரான்கள் சாப்பாட்டிலிருந்து வருபவை. முதல், மூன்றாம் கூட்டமைப்புகள் வழியாகக் கைமாறிக் கைமாறி வரும்போது, அந்த ஓட்டத்தின் பலத்தில் புரோட்டான்கள் உட்சவ்வின் மறுபக்கம் தள்ளப்படுகின்றன. சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே 150 முதல் 180 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் நிற்கிறது. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 6 நானோமீட்டர். மீட்டர் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் 3 கோடி வோல்ட்டை ஒட்டி வரும். இந்த அழுத்தத்தால்தான் செல்லின் சக்திப் பொருளான ஏடிபி தயாராகிறது என்று பீட்டர் மிட்செல் 1961ல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதல், மூன்றாம் கூட்டமைப்புகளில் சில எலக்ட்ரான்கள் வழி தவறி, ஒற்றையாக ஆக்சிஜன்மேல் ஏறிவிடுகின்றன. அப்போது பிறப்பது சூப்பர் ஆக்சைடு. நுழையும் ஆக்சிஜனில் 1 முதல் 2 சதவீதம் இப்படிப் போகிறது என்று பழைய பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அந்த எண், மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்தெடுத்து, எரிபொருளை அள்ளிக் கொடுத்து, காற்றில் இருக்கும் அளவு ஆக்சிஜனில் வைத்து அளந்தது. உயிருள்ள திசுவுக்குள் ஆக்சிஜன் அதைவிட மிகக் குறைவு, கசிவும் குறைவு.

கசிவு எப்போது கூடுகிறது என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கடுமையாக வேலை செய்தால் இயந்திரம் தேய்கிறது, அப்போதுதான் கழிவு அதிகம் என்ற எண்ணம். உண்மையில், ஏடிபி செலவாகிக்கொண்டே இருக்கும்போது எலக்ட்ரான்கள் தடையில்லாமல் ஓடுகின்றன, கசிவு குறைகிறது. தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது எரிபொருள் வந்து குவிகிறது, ஏடிபிக்குக் கேட்பார் இல்லை, சவ்வின் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கிறது, எலக்ட்ரான்கள் முதல் கூட்டமைப்பில் தேங்கி வழிகின்றன. இதன் கொடிய வடிவம் மாரடைப்பில் வருகிறது. ரத்தம் நின்ற திசுவில் சக்சினேட் என்ற பொருள் சேர்கிறது. அடைப்பை நீக்கி ஆக்சிஜன் திரும்பும் முதல் சில நிமிடங்களில் அந்தச் சக்சினேட் மொத்தமும் ஒரே மூச்சில் எரிய, எலக்ட்ரான்கள் பின்னோக்கி முதல் கூட்டமைப்புக்குள் பாய்ந்து சூப்பர் ஆக்சைடைக் கொட்டுகின்றன. 2014ல்தான் இந்த வழி தெளிவாகத் தெரிந்தது. காப்பாற்ற வரும் ஆக்சிஜனே கூடவே கொஞ்சம் சேதத்தையும் கொண்டுவருகிறது.

சூப்பர் ஆக்சைடை உடம்பு சும்மா விடுவதில்லை. 1969ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்த சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் வகைக்கு மாங்கனீசு வேண்டும். அந்த வகை இல்லாமல் பிறந்த எலிகள் சில நாள்களிலோ சில வாரங்களிலோ இறந்துவிட்டன. இந்த நொதி எவ்வளவு அவசியம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை.

அடுத்த கட்டத்தை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். மருந்துக்கடையில் '20 வால்யூம்' என்று கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம். அதே அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பச்சை உருளைக்கிழங்குத் துண்டின்மேல் சில சொட்டு விட்டால் நொடியில் நுரைக்கும். நன்றாக வேகவைத்து ஆறிய துண்டின்மேல் விட்டால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்து நுரைக்க வைத்தது கேட்டலேஸ் என்ற நொதி. வேகவைத்ததும் அது குலைந்துவிட்டது. காயத்தில் ஊற்றினால் நுரைப்பதும் நம் ரத்தத்தில் உள்ள அதே நொதியால்தான்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இந்த வேலையை முக்கியமாகச் செய்பவை பெராக்சிரெடாக்சின்களும், குளூட்டோதயான் என்ற சிறு காப்பு மூலக்கூறைப் பயன்படுத்தும் நொதிகளும். அவற்றில் ஜிபிஎக்ஸ்4 தனிச் சிறப்பு. செலினியம் உள்ள இந்த நொதி, ஏற்கெனவே பெராக்சைடு ஏறிவிட்ட சவ்வுக் கொழுப்பையே நேரடியாகச் சரிசெய்கிறது. முறுக்கு டப்பாவுக்குள் அப்படி ஒருவர் உட்கார்ந்து சிக்கை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தால், மார்கழியிலும் முறுக்கு மணக்கும். அப்படி எடுக்க ஒவ்வொரு முறையும் குளூட்டோதயான் செலவாகிறது. செலவானதைத் திருப்பி எடுக்க, எலக்ட்ரான் தரும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு வேண்டும். அதற்குக் குளுக்கோஸ் வேண்டும். இந்த வரவு நின்றால் எத்தனை நொதி இருந்தும் பலனில்லை.

வரவு நின்றபின் நடப்பதும் ஒரு வரிசையில்தான் நடக்கும். தேங்கிய பெராக்சைடு, தளர்ந்த இரும்பைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்ற மிக ஆவேசமான துகள் பிறக்கிறது. இது ஃபென்டன் 1894ல் விவரித்த வினை. இரும்பைத் தளர்த்திவிடுவதும் சூப்பர் ஆக்சைடின் வேலையே. அகோனிடேஸ் போன்ற நொதிகளின் இரும்பு-கந்தகக் கொத்திலிருந்து அது இரும்பைக் கழற்றிவிடுகிறது. ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைத் தாக்கும், தூரம் போகாது. பக்கத்தில் இருப்பவை கார்டியோலிப்பினும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவும். 16,569 எழுத்து நீளம், 37 மரபணுக்கள், ஹிஸ்டோன் என்ற புரத உறையில்லாத வளையம் அது. கார்டியோலிப்பின் சிக்குப் பிடித்தால், அதில் ஒட்டியிருந்த, எலக்ட்ரானைக் கைமாற்றும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் பிடி விட்டுச் செல்லின் திரவத்துக்குள் வருகிறது. அது வெளியே வந்தால் செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. 1996ல் இதைக் கண்டபோது பலருக்கும் அதிர்ச்சி. மூச்சுக்கு உதவும் புரதமே சாவுக்கும் மணியடிக்கிறது.

இவ்வளவும் எங்கே நடக்கிறது என்று பாருங்கள்: உட்சவ்வின் சில நானோமீட்டருக்குள். வாயில் போடும் காப்ஸ்யூல் அங்கே போய்ச் சேர்ந்து, சரியான நொடியில், சரியான துகளைப் பிடிக்க வேண்டும். போதாததற்கு, சிறு அளவு பெராக்சைடு செல்லுக்கு ஒரு தகவலும்கூட. அதைக் கண்டுதான் செல் கூடுதல் நொதிகளைத் தயாரிக்கிறது. தகவலையே அழித்துவிட்டால்? 2009ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களில் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 ஐயூ வைட்டமின் ஈயும் எடுத்தவர்களுக்கு, இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்கவில்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது. அதைவிட வேதனையானது பின்லாந்தில் 1994ல் வெளியான முடிவு. 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களில், தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். நல்லது செய்யும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை அது. இதைத் தெரிந்துகொண்டும் புகைப்பவர்களுக்கு 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்று சொல்லி பீட்டா கரோட்டினை விற்பது தவறு.

ஆனால் எல்லா மருந்தும் வீண் என்று சொல்லிவிட முடியாது. சரியான இடத்தில் சரியான பொருளைக் கொடுத்தால் ஓர் உயிரையே மீட்கலாம். அதற்கான சாட்சி டெல்லித் தமிழர் வீடுகளில் ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் கையில் இருக்கும் மாத்திரையில் இருக்கிறது.

டெங்குக் காய்ச்சல் காலம். வலிக்கு ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடாது, ரத்தக்கசிவு வரலாம் என்பதால் எல்லாரும் பாராசிட்டமால்தான் போடுகிறார்கள். சரிதான். உள்ளே போன பாராசிட்டமாலில் பெரும்பகுதி வம்பில்லாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதியை மட்டும் கல்லீரல் நொதி ஒன்று, என்ஏபிக்யூஐ என்ற நச்சாக மாற்றுகிறது. குளூட்டோதயான் அதை உடனே பிடித்துக் கட்டிவிடுகிறது. அளவு மீறினால் குளூட்டோதயான் தீர்ந்துபோகிறது. ஏறத்தாழ 70 சதவீதம் காலியானதும் அந்த நச்சு மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களிலேயே ஒட்டிக்கொள்கிறது. எலக்ட்ரான் ஓட்டம் தடைப்படுகிறது, சூப்பர் ஆக்சைடு பெருகுகிறது, சவ்வின் துளைகள் திறந்துகொள்கின்றன, கல்லீரல் செல் செத்துப்போகிறது. மேலே சொன்ன கதை முழுக்க மூன்று நாளுக்குள் நடந்து முடிகிறது.

கணக்கு எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் கூட்டலில். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். நடுவே ஜலதோஷத்துக்கு ஒரு கூட்டு மாத்திரை போட்டால், அதிலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்பக்கம் உள்ள பெயரைப் படித்தே ஆக வேண்டும். உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, தினமும் குடிப்பவராக இருந்தாலோ, இரண்டு மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்காமல் படுத்திருந்தாலோ குளூட்டோதயான் இருப்பு ஏற்கெனவே குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கு 4 கிராம்கூட அதிகம், மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். டெங்குவே கல்லீரலைத் தொடும் நோய் என்பதையும் மறக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கடையில் மூன்று விதமான புட்டி கிடைக்கும்: 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப், அதே 5 மில்லிலிட்டரில் 250 உள்ள சிரப், ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். முதல் புட்டியில் அது 6.25 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3, மூன்றாவதில் வெறும் 1.5. 'போன தடவை ஆறு மில்லி கொடுத்தோமே' என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தை 6 மில்லிலிட்டர் கொடுத்தால் 600 மில்லிகிராம், நான்கு மடங்கு. பாட்டி ஒரு வேளை, அம்மா ஒரு வேளை என்று இருவரும் கொடுக்கும் வீட்டில், கொடுத்த நேரத்தையும் அளவையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுவது பெரிய காப்பு.

அளவு மீறியது தெரிந்தால் 'பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான்' என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாள் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாமலும் போகலாம். கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் ஏறுவது அடுத்த இரண்டு மூன்று நாளில். மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். 8 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். அது நேராகப் போய் நச்சோடு சண்டை போடுவதைவிட, குளூட்டோதயான் செய்யத் தேவையான சிஸ்டீனைக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குளூட்டோதயான் மூன்று அமினோ அமிலங்களால் ஆனது, அதில் தட்டுப்பாடு வருவது சிஸ்டீனுக்குத்தான். குளூட்டோதயானையே விழுங்கினால் குடலிலேயே பெரும்பாலும் உடைந்துவிடும். நிறம் வெளுக்க அதை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்கள் வீண் அபாயத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நவம்பர் வந்தால் பாக்ஸ் கட்டிலுக்குள்ளிருந்து ரஜாயும் ஸ்வெட்டரும் வெளியே வரும், கூடவே அந்துருண்டை வாடையும். வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தால் இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். ரத்தச் சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. என்ஏடிபிஎச் தயாரிக்க அதற்கு இருப்பது ஒரே வழி, அதன் வாசலில் இருப்பது ஜி6பிடி என்ற நொதி. அது பிறவியிலேயே குறைந்த குழந்தைகள், பெரும்பாலும் ஆண் பிள்ளைகள், அந்துருண்டையின் நாஃப்தலின் ஆவியைச் சுவாசித்தாலே சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாக ஏறும். பழைய துணிகளைத் துவைத்து, நாலைந்து நாள் வெயிலில் காயவைத்தபின் குழந்தைக்குப் போர்த்துங்கள். விவாக்ஸ் வகை மலேரியாவுக்கு 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை எழுதும் முன் இதே ஜி6பிடி சோதனையைக் கேட்பதும் இதே காரணத்தால்.

அப்புறம் காற்று. பிஎம் 2.5 துகள்களை எடையால் மட்டும் அளப்பது பாதிக் கதைதான். நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார அமைப்பு 2021ல் சொன்னது 15. டெல்லிக் குளிர்காலத்தில் 300ஐத் தாண்டும் நாள்கள் உண்டு. ஆனால் 10 மைக்ரோகிராம் சாலைப் புழுதியும் 10 மைக்ரோகிராம் டீசல் புகையும் செல்லுக்கு ஒன்றல்ல. புகைத்துகளின் மேலே குயினோன் என்ற கரிமச் சேர்மங்களும், பிரேக் தேய்வதால் வரும் செம்பும் இரும்பும் ஒட்டியிருக்கும். குயினோன் செல்லிடமிருந்து ஒரு எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும், திரும்ப வந்து இன்னொன்றை வாங்கும். தான் தீராமல் அடுத்தவர் இருப்பைத் தீர்க்கும் வேலை அது.

ஆய்வகத்தில் இதை அளக்கும் முறை எளிமையானது. வடிதாளில் பிடித்த துகளின் சாற்றை, 7.4 பிஎச் பாஸ்பேட் கரைசலில் செல்லின் எலக்ட்ரான் இருப்புக்குப் பதிலாக நிற்கும் டிடிடி என்ற வேதிப்பொருளோடு (100 மைக்ரோமோலார்) 37 டிகிரியில் வைக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து, அமிலம் விட்டு வினையை நிறுத்தி, மிச்சமிருக்கும் டிடிடியை டிடிஎன்பி என்ற நிறங்காட்டி சேர்த்து மஞ்சளாக்கி, 412 நானோமீட்டரில் அளக்கிறார்கள். மஞ்சள் எவ்வளவு வேகமாக வெளுக்கிறதோ அவ்வளவு காரமான துகள். இதில் அடிக்கடி தவறுவது, கரைசலில் ஏற்கெனவே இருக்கும் துளி உலோகம். அதைப் பிசின் கொண்டு நீக்காவிட்டால், துகளே இல்லாத வெற்றுக் குழாயிலும் டிடிடி குறைந்துகொண்டே போகும், எல்லா எண்ணும் பொய்யாகும்.

வீட்டில் செய்யக்கூடியதற்கும் எண் உண்டு. 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி உள்ள படுக்கையறை 1,440 கன அடி, அதாவது சுமார் 41 கன மீட்டர். காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமென்றால், சுத்திகரிப்பானின் சிஏடிஆர், அதாவது மணிக்கு அது தரும் சுத்தக் காற்றின் அளவு, குறைந்தது 205 கன மீட்டர் இருக்க வேண்டும். அந்த எண் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. இரவில் சத்தம் வேண்டாமென்று குறைத்து வைப்பவர்கள் 300க்கு மேல் வாங்குவதே சரி. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, தாளிப்பு இவை நான்கும் மூடிய அறையில் இயந்திரத்தின் வேலையைக் கெடுத்துவிடும். சமையலறைக் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட்டைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். என்95 முகக்கவசம் கன்னத்தோடு ஒட்டாமல் தாடிமேல் உட்கார்ந்தால் வடிகட்டி எவ்வளவு நல்லதானாலும் காற்று பக்கவாட்டில் புகுந்துவிடும்.

பலகாரம் சுட்ட எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூட்டில் எண்ணெய் சிதைந்து உண்டாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நம் நாட்டுச் சட்டம். வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நுரை அடங்காமல் நின்றால், கையில் பிசுபிசுப்பு ஏறினால், முன்னைவிடச் சீக்கிரம் புகைந்தால் அந்த எண்ணெய் முடிந்தது. அதில் புது எண்ணெயை ஊற்றி நீட்டினால் பழைய பெராக்சைடு புதியதையும் வேகமாகக் கெடுக்கும்.

கடைசியாக நடை. 1967ல் ஜான் ஹோலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டு, தசை மைட்டோகாண்ட்ரியாவின் நொதித்திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காவதைக் காட்டினார். எரிபொருள் அதே அளவு வந்தாலும் பங்கிட்டுக்கொள்ள அதிக மைட்டோகாண்ட்ரியா இருந்தால், எந்த ஒன்றிலும் எலக்ட்ரான் தேங்குவதில்லை. ஆனால் டெல்லியில் விடிகாலை ஐந்தரைக்கு மலை மந்திர் கோயிலைச் சுற்றி வேகநடை போடுபவர்கள் நவம்பரிலிருந்து ஜனவரிவரை நேரத்தை மாற்றுவது நல்லது. குளிர்காற்று தரையோடு படிந்து, புகை மேலே கலைய முடியாமல் நிற்கும் நேரம் அது. வேகமாக நடந்தால் மூச்சு பலமடங்கு கூடும், உள்ளே போகும் துகளும் கூடும். வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று மேலெழும்பிக் கலையும் பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணிவரை இருப்பதில் தேவலை. அன்றைக்கு அதுவும் சரியில்லையென்றால், சுத்திகரிப்பான் ஓடும் அறையில் அரை மணி நேரம் ஒரு பலகைமேல் ஏறி இறங்கினால் போதும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து.